‘மு.’ என்றால் யார்?

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் 12 நாள்தான். அப்போதுதான் நெறியாளர் சொன்னார், "அடிக்குறிப்பு வேண்டாம்மா. ஆசிரியர் பெயர், ஆண்டுன்னு அடைப்புக்குறிக்குள்ள கொடுத்திடுங்க. துணைநூற்பட்டியலையும் அதே முறையில மாத்திடுங்க."

திருநெல்வேலியில் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அந்தப் பெண்ணுக்குத் தலை சுற்றியது. 280 நூல்கள். நான்கு வருடமாக நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக டைப் செய்தவை. பகலில் பள்ளிக்கூட வேலை. இரவுதான் ஆய்வுக்கு.

பாலிடெக்னிக் படிக்கும் தம்பி வழி சொன்னான். "அக்கா, ஜோட்டெரோன்னு ஒண்ணு இருக்கு. இலவசம். நூல் விவரத்தை ஒரு தடவை கொடுத்துட்டா போதும், எந்த முறை கேட்டாலும் அதுவே மாத்தித் தரும்."

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2006-ல் வெளியான மென்பொருள் அது. விண்டோஸ் திணறிய பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் தம்பிதான். ஜோட்டெரோவின் தளத்திலிருந்து இறக்கினான், சுருக்கிய கோப்பை விரித்தான், டெர்மினலில் நான்கு வரி அடித்தான். ஐகான் வந்துவிட்டது.

ஆனால், லிப்ரே ஆபிஸில் ஜோட்டெரோ பட்டன்கள் வரவே இல்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. ‘லிப்ரே ஆபிஸ் ஜாவா காமன்’ என்ற சின்னத் தொகுப்பு கணினியில் இல்லை. அதைப் போட்டதும் பட்டன்கள் வரிசையாக வந்து நின்றன.

புதிய நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தாலே பெரும்பாலும் விவரம் வந்துவிடுகிறது. பழைய தமிழ் நூல்களுக்கு அந்த எண்ணே கிடையாது. அக்கா வாசிக்க, தம்பி டைப் செய்தான்.

40 நூல்கள் முடிந்ததும் ஓர் அத்தியாயத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். மு.வரதராசன், மு.அருணாசலம், மு.இராகவையங்கார் என எல்லோரும் வெறும் ‘மு.’ ஆகியிருந்தார்கள்!

அக்காவே எழுதிய கட்டுரை ஒன்றும் பட்டியலில் இருந்தது. அதன் இடத்தில் அப்பாவின் பெயர் மட்டும். எட்டிப் பார்த்த அப்பா கேட்டார், "அம்மாடி, இதை நானா எழுதினேன்? உன் பேரு எங்கே?"

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. ‘லாஸ்ட் நேம்’ என்று கேட்டதும் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுவதுபோல அப்பா பெயரை, இனிஷியலைப் போட்டிருந்தான். அந்த மென்பொருளுக்கு ‘லாஸ்ட் நேம்’தான் ஒருவரை அழைக்கும் பெயர். நமக்கு அழைக்கும் பெயர் சொந்தப் பெயர்தானே? அதை ‘லாஸ்ட்’ கட்டத்திலும், இனிஷியலை ‘ஃபர்ஸ்ட்’ கட்டத்திலும் மாற்றினார்கள். ‘ரெஃப்ரெஷ்’ பட்டனை அழுத்தியதும் வரதராசன் வரதராசனாகவே திரும்பி வந்தார்.

பழைய அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, புதிதாகச் சேர்க்க ஒன்பது இரவுகள் ஆயின. தினமும் படுக்கப்போகும் முன் மென்பொருளை மூடிவிட்டு, ஹோம் ஃபோல்டரில் உள்ள ‘ஜோட்டெரோ’ ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்தார் அக்கா. நான்கு வருட உழைப்பு அதில்தான் இருக்கிறது.

பத்தாம் நாள் ஆய்வேடு அச்சுக்குப் போனது. வீட்டுக்கு வந்த முதல் பிரதியில் அப்பா தேடியது ஒரே ஒரு பக்கத்தைத்தான். துணைநூற்பட்டியலில், மகளின் பெயர் முன்னால். காற்புள்ளிக்குப் பின் அவருடைய ஒற்றை எழுத்து.

"இப்ப சரியா இருக்கும்மா" என்றார்.