மழைக்காக உயர்த்திய கோடைப் பாத்தி

கோடையில் பள்ளம், மழையில் மேடு. காய்கறி நடுகிறவர்களின் பழைய கணக்கு இதுதான். வெயில் காலத்தில் மண்ணை உயர்த்திக் கட்டினால் இரண்டு சரிவிலும் வெயில் ஏறி ஈரத்தைக் குடித்துவிடும். வாய்க்கால் பாசனத்தில் பார் கட்டி நட்ட காலத்திலும் கோடையில் நாற்றைத் தண்ணீருக்கு நெருக்கமாக அடிச்சரிவில்தான் வைப்பார்கள். ஆகவே, ஒட்டன்சத்திரத்தை அடுத்த கள்ளிமந்தயம் பக்கம் ஒரு தோட்டத்தில் கத்தரி வெயில் கொளுத்தும்போது ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுக் கத்தரி நடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பார்க்கத் தோன்றியது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. பாத்திகளின் மேல் விரித்திருந்த ஷீட்டில் வெயில் பட்டுத் தெறித்ததில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலே வெள்ளி நிறம், அடியில் கறுப்பு. கறுப்பு வெளிச்சத்தை அடைப்பதால் களை தலைதூக்காது. வெள்ளி வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மண் அவ்வளவாகச் சூடேறாது. கறுப்புப் பக்கத்தை மேலே காட்டி விரித்தால் இந்த மாதத்தில் வேர் வெந்துபோகும். இந்தப் பளபளப்பில் வெள்ளை ஈயும் இலைப்பேனும் தடுமாறி இறங்குவது குறையும் என்பது கூடுதல் லாபம். செடி படர்ந்து ஷீட்டை மறைக்கும்வரைதான் அந்த லாபம். ஷீட் விரிக்கும் வேலை காலையிலேயே முடிந்திருந்தது. உச்சி வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து நீளும். அந்த நேரத்தில் இழுத்துக் கட்டினால் ராத்திரி சுருங்கும்போது விறைத்து, கிழிய வழி தேடும்.

தோட்டக்காரர் நாற்பதைத் தொடாதவர். மேடு எதற்கு என்று கேட்டேன்.

“வெயிலுக்கு இல்லீங்க, மழைக்கு.”

கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு சாயங்காலம் இடியோடு கொட்டும். சமப் பாத்தியில் தண்ணீர் தேங்கும். மறுநாள் பழைய வெயிலே திரும்பவும் அடிக்கும். சூடேறிய மண்ணில் வேருக்கு மூச்சுக்காற்று அதிகம் வேண்டும். தேங்கிய வெந்நீரிலோ காற்று குறைவு. மதியத்துக்குள் இலை தொங்கிவிடும், மிளகாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நிலத்தில் மிளகாய் அப்படித்தான் போனது என்றார். வாராவாரம் வாய்க்காலில் தண்ணீர் கட்டிய நாளில் ஈரத்தைப் பிடித்து வைக்கப் பள்ளம் தேவைப்பட்டது. இப்போது பாத்தியின் நடுவில் ஓடும் டிரிப் குழாய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுகிறது, ஷீட் அதை ஆவியாக விடாமல் மூடுகிறது. ஈரத்தைக் காக்கும் வேலை குழாய்க்கும் ஷீட்டுக்கும் போய்விட்டதால் மண் உயரலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியத்திலும் மற்றவர்களுக்கு 75 சதவீதத்திலும் சொட்டுநீர்க் கருவி கொடுப்பது இந்த வட்டாரத்தில் பாத்தியின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. ஆனால் கோடையில் ஒரு நாள் மோட்டார் பழுதானால், பள்ளத்தில் நட்டவரைவிட இவர்தான் முதலில் பதற வேண்டும். அதை அவரும் மறுக்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் நடவுப் பெண்கள் இறங்கினார்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெள்ளி ஷீட்டில் அனல் கீழிருந்தும் அடிக்கும் என்பதால் சிலர் முகத்தையும் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காலையில் நட்டால் நாற்று வேர் பிடிப்பதற்குள் பகல் முழுக்க வதங்க வேண்டும், மாலையில் நட்டால் ஒரு ராத்திரி கிடைக்கும். அதனால் கோடை நடவு என்றால் இவர்களுக்கு நாள் இரண்டாக உடைகிறது. விடியலில் ஓர் இடத்தில் வெண்டை பறித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, மறுபடியும் இங்கே. நடுவில் இருக்கும் மதியத்துக்கு யாரும் ஓய்வு என்று பெயர் வைக்கவில்லை.

நர்சரியிலிருந்து வந்த நாற்றுகள் 98 குழித் தட்டில், மஞ்சி என்கிற தென்னைநார்க் கழிவில் வளர்ந்தவை. ஒரு மாதத்துக்குள்ளான வயது. தட்டோடு தண்ணீரில் முக்கி எடுத்தபின்தான் வயலுக்குள் வந்தன. முன்னால் ஒருவர் வாய் கூர்மையான இரும்புக் குழாயால் இரண்டடிக்கு ஒன்றாக ஷீட்டில் வட்டம் போட்டுக்கொண்டே போனார். பின்னால் வந்தவர் நாற்றைத் தட்டின் அடியிலிருந்து விரலால் தள்ளி வேர்க்கட்டி உடையாமல் எடுத்துக் குழியில் வைத்தார். நடவு இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆள் கூட்டி வந்த அக்காவின் கை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. வேர்க்கட்டியின் தலையில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்து மூடினார். பிறகு குழியின் ஓரத்தில் சுற்றிலும் மண் தள்ளி, ஷீட்டுக்கும் தண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அடைத்தார். தண்டு பிளாஸ்டிக்கில் எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

“மஞ்சி வெளிய தெரிஞ்சா தண்ணியெல்லாம் இழுத்துக் காத்துல விட்ரும் தம்பி. குழி வாய மூடலேன்னா ஷீட்டுக்கடியில இருக்கற சூடெல்லாம் அந்த ஓட்ட வழியாத்தான் வரும். நாத்து வெந்துரும்.”

இதை அவருக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை. முதல் வருடம் ஷீட்டில் நட்டபோது மூன்றாம் நாளே கழுத்தில் சுருங்கிச் செத்த நாற்றுகளைப் பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாம். ஷீட், டிரிப், வீரிய விதை என்று விற்பனைக்காரர்கள் அடுக்கும் பட்டியலில் இந்தக் கை இடம்பெறுவதில்லை. ஒரு குழிக்குச் சில நொடிதான். அந்த நொடிகளை மிச்சம் பிடிக்கும் அவசரக் கூட்டம் நட்ட வயலில் ஒரு வாரம் கழித்துப் போக்கு நடவுக்கு மறுபடி நாற்று வாங்க வேண்டியிருக்கும்.

தோட்டத்தின் மறு கோடியில் வெண்டைக்கும் கொத்தவரைக்கும் தனிப் பாத்திகள். இவற்றுக்கு நாற்று கிடையாது, விதையை நேராக ஊன்றுவதுதான். வெண்டையின் ஆணிவேர் இடம் மாற்றினால் முறைத்துக்கொள்ளும். மண் சூடாக இருப்பதுதான் அதற்குக் கொண்டாட்டம். குளிர்ந்த மண்ணில் முளைக்கவே யோசிக்கும். ஊறவைத்து ஊன்றினால் நாலைந்து நாளில் முளை, நாற்பத்தைந்து நாளில் காய், அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. பறிப்பில் ஒருநாள் தவறினால் காய் முற்றி, மாட்டுக்குத்தான் ஆகும். வெண்டைச் சுணை கையில் ஏறினால் ராத்திரி தூக்கம் போகும் என்று உள்ளங்கையைக் காட்டினார் ஒரு பாட்டி. முழுக்கைச் சட்டையின் இன்னொரு காரணம் அப்போது புரிந்தது.

தக்காளி ஏன் இல்லை என்றும் கேட்டேன். பகல் வெயில் 35 டிகிரி தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். எத்தனை உயரமான பாத்தி போட்டாலும் அதற்கு மருந்தில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததே, அந்த மாதிரி விலைக்கு ஆசைப்பட்டுக் கோடையில் தக்காளி வைக்கிறவர்கள் இங்கும் உண்டு. அதைச் சூதாட்டம் என்றார் தோட்டக்காரர். கத்தரியும் வெண்டையும் அப்படி அள்ளிக் கொடுப்பதில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்கு லாரி போகும்வரை இரண்டுக்கும் ஒரு விலை உண்டு.

எனக்கு உறுத்தியது ஷீட்தான். ஒரே விரிப்பில் கத்தரி முடிந்ததும் அதே குழிகளில் இன்னொரு பயிர் எடுத்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். அதற்குப் பிறகு? 25 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் இரண்டு பயிரின் வெயிலில் காய்ந்து, இழுக்கும்போது முழுதாக வராது. போன முறை விரித்ததன் துண்டுகள் புதுப் பாத்தியின் சரிவிலேயே மின்னின. வரப்பு ஓரத்தில் எரித்த தடமும் இருந்தது. ரொட்டாவேட்டர் ஓட்டுவதற்கு முன்னால் அந்தத் துண்டுகளைப் பொறுக்க ஆள் விடுவது உண்டாம்.

அதற்கும் இதே அக்காவின் கூட்டம்தான் வருகிறது. கூலியில் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த வேலைக்குக் கூப்பிட்டால் பாதிப் பேர் வேறு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள் என்றார் அக்கா, கடைசித் தட்டைக் காலி செய்தபடி.