ஹம்முக்குப் போற வழியில ஒரு பள்ளம்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. டோர்ட்மூண்டில இருந்து ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட, பக்கத்தில அப்பா, பின்னால ஒன்பது வயது மகள். ஏ2 நெடுஞ்சாலையில நெரிசல் என்று நவி எங்களை வயல்களுக்கு நடுவால போற ஒரு றோட்டில இறக்கிவிட்டது. நல்ல மழை. முன்னால தண்ணி தேங்கி நிற்குது என்றுதான் நினைத்தேன். "டொம்" என்று ஒரு சத்தம். முன் வலது சில்லு.

குளிர்காலம் முடியிற நேரத்தில இங்கே இது வழமை. தாரில உள்ள வெடிப்புக்குள்ள போன தண்ணி உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். உருகினதும் உள்ளே வெற்றிடம். மேலால லொறிகள் போக, தார் உடைந்து விழும். ஜேர்மன்காரர் 'ஷ்லாக்லோஹ்' என்று சொல்லுவினம். மழை நிறைந்தால் ஆழம் தெரியாது.

நாங்கள் இறங்க முதல் எச்சரிக்கை வெளிச்சம், பிறகு மஞ்சள் அங்கி, பிறகு முக்கோணம். 2014 ஜூலையில இருந்து காருக்கு ஒரு அங்கி கட்டாயம். ஆனால் ஆளுக்கொன்று, பிள்ளையின் அளவிலும் வாங்கி, டிக்கியில போடாமல் கைக்கெட்டுற இடத்தில வையுங்கோ. நாட்டுப்புற றோட்டில முக்கோணத்தை ஏறத்தாழ 100 மீற்றர் பின்னால வைக்கவேணும். மகளை றோட்டுக் கரையைத் தாண்டி, புல்லில நிற்கச் சொன்னேன்.

அப்பா நேரே டிக்கிக்குப் போனார். "ஜக் எங்கை பிள்ளை? யாழ்ப்பாணத்தில மொறிஸ் மைனருக்கு எத்தனை சில்லு மாத்தினனான்!" ஜக்கும் இல்லை, ஸ்பெயர் சில்லும் இல்லை. இப்பத்தைய கார்கள் பலதில ஒரு போத்தில் பசையும் சின்னக் காத்துப் பம்பும்தான் வரும். ஆணி குத்தின சின்ன ஓட்டைக்கு அது உதவும். எங்கட ரயரின் பக்கச் சுவர் வெடித்திருந்தது. அதுக்குப் பசையும் சரிவராது, ஒட்டும் போடேலாது.

உதவிக்குப் போன் பண்ணிவிட்டு நிற்கேக்க ஒரு பொலிஸ் கார் நின்றது. "யாருக்கும் காயமா?" என்றுதான் கேட்டார்கள். அப்பா அதுக்குள்ள தன்ர அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். அந்தப் பொலிஸ்காரி சிரித்து, "தேவையில்லை" என்று சொன்னா. அப்பா அதைத் திருப்பி வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மகள் என்னிடம் ஜேர்மனில கேட்டாள்: "ஒருத்தரும் கேட்கேல்லையே, அம்மப்பா ஏன் காட்டினவர்?"

அங்கேயே, புல்லில நின்றபடி சொன்னேன். அம்மப்பா 1984இல கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர். அகதி வழக்கு முடியும்வரை அனுமதி இல்லாமல் தன்ர மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். பக்கத்து ஊரில இருந்த நண்பனைப் பார்க்கப் போறதுக்கும் பயம். பொலிசைக் கண்டால் முதலில கடதாசி. நாற்பது வருசம் போயும் கை மறக்கேல்லை. மகள் ஒன்றும் கதைக்கேல்லை. போய் அவற்ற கையைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளத்தைப் படம் எடுத்தேன். பக்கத்தில என்ர சப்பாத்தை வைத்து, ஆழம் தெரியிற மாதிரி. றோட்டைப் பராமரிப்பவர்களிடம் நட்டம் கேட்கிறதென்றால் இடம், நேரம், படம், சாட்சி வேணும். எச்சரிக்கைப் பலகை நின்றிருந்தால் கிடைக்கிறது கஷ்டம்.

ஞாயிறு, ரயர் கடை ஒன்றும் திறக்காது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மச்சான் வந்து எங்களை ஏற்றினார். தொழிற்சாலைகளுக்கு நடுவில 17 மீற்றர்க் கோபுரம் தெரியேக்க மதியப் பூசை முடிந்திருந்தது. 2002இல குடமுழுக்கு நடந்த கோயில் அது. "முந்தி ஒரு வீட்டு நிலக்கீழ் அறையிலதான் அம்மன் இருந்தவ" என்று அப்பா மகளுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

திங்கள் கராஜில என்ர கேள்வி ஒன்றுதான்: ஒரு ரயர் போதுமா, இரண்டும் மாத்தவேணுமா? மெக்கானிக் மற்ற முன் ரயரின் தவாளிப்பை அளந்தார். 6.5 மில்லிமீற்றர். புதுசு ஏறத்தாழ 8. வித்தியாசம் சின்னன், அதே நிறுவனம், அதே ரகம், அதே அளவு கிடைத்தால் ஒன்று போதும் என்றார். மற்றது 4க்குக் கிட்டத் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாத்தச் சொல்லியிருப்பாராம். இல்லாட்டி ஈரத்தில பிறேக் பிடிக்கேக்க கார் ஒரு பக்கம் இழுக்கலாம். நாலு சில்லும் இழுக்கிற கார் என்றால் இன்னும் கவனம். ரயரில உள்ள கடைசி நாலு இலக்கத்தையும் பார்க்கச் சொன்னார்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. றிம் நெளிந்திருக்கா, சில்லு நேராக நிற்குதா என்றும் பார்த்தார். அதை நீங்களும் கேளுங்கோ.

விடேக்க, "50 கிலோமீற்றர் ஓடின பிறகு நட்டுகளை ஒருக்கா இறுக்குங்கோ" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். இறுக்கிற அளவு காட்டுற சாவியைக் கடன் வாங்கி, ஒன்று விட்டு ஒன்றாக எப்படி இறுக்குறது என்று மகளுக்குக் காட்டினார். 'சில்லு', 'நட்டு', 'இறுக்கு' மூன்று சொல்லும் இப்ப அவளுக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளியில இன்னும் வராத சொற்கள்.