போனானா?

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் பொம்பில். மும்பையில் கொடி கட்டிக் காயப்போடுவார்களே, வழவழவென்று ஒரு மீன், அதுதான் பொம்பில். கோவண்டி ஸ்டேஷன் பக்கத்து மீன்கூடையிலிருந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு எங்கள் கட்டிடத்துப் படியேறி வந்த குட்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இப்போது ஐந்து வயது, கடுவன், ஐந்தரைக் கிலோ. தேவனார் அறுப்புக்கூடத்தைச் சுற்றித் திரியும் பூனைகளுக்கு ஈரலும் கொழுப்புமாக ஈரத் தீனி. இவனுக்கோ வீட்டோடு மாப்பிள்ளை வாழ்க்கை. போன மே வரை காலையும் மாலையும் ஒரு கிண்ணம் காய்ந்த தீனி. கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிற அந்த மொறுமொறுப்பு.

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கிடைத்த 225 சதுர அடி எஸ்.ஆர்.ஏ. வீட்டில் யாருக்கும் ரகசியம் கிடையாது, யார் எத்தனை தடவை பாத்ரூம் போனார் என்பது உட்பட. போன மே மாதம் ஒரு ராத்திரி பொம்பில் எட்டுத் தடவை போனான். மணல் தட்டில் ஏறி உட்காருவான், முதுகை வளைத்து முக்குவான், எழுந்து மணலைப் பறிப்பான். மணல் காய்ந்தே கிடக்கும். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தரையில் உட்காருவான். திரும்பி வந்து பின்னங்காலைத் தூக்கி அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பான். மலச்சிக்கல் என்று முடிவு கட்டினேன். அரை ஸ்பூன் நெய்யை அவன் வாயில் தடவிவிட்டு, பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட திருப்தியோடு விளக்கை அணைத்தேன்.

இருட்டுக்குள் அம்மாவின் குரல் வந்தது. “ஏட்டி, அது வெளிக்கிக்கு முக்கல. அதுக்கு ஒண்ணுக்கு வரமாட்டேங்கு. எனக்குத் தெரியாதா?”

அம்மாவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவள் வந்து இறங்கியது ட்ராம்பே ஜனதா காலனியில். 1976இல் அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் வேண்டுமென்று அந்தக் காலனியை இடித்து, ஜனங்களைச் சீட்டா கேம்ப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே பொதுக் கழிப்பறை, நீண்ட வரிசை, இருட்டினால் பயம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். அந்த வரிசையில் நின்ற எல்லாப் பெண்களிடமும் அந்தச் சட்டம் இருந்தது. நீர்க்கடுப்பு என்ற சொல்லை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பார்லி கொதிக்கும் வாசனையோடுதான் அது எனக்குப் பழக்கம். பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர் அதில் ஒன்று. அடக்காமல் எங்கே போவது என்று மட்டும் எந்தச் சித்தரும் சொல்லிவைக்கவில்லை.

அதைக் கேட்க 2011 வரை ஆயிற்று. அந்த வருஷம் ‘ரைட் டு பீ’, அதாவது சிறுநீர் கழிக்கும் உரிமை, என்ற இயக்கத்தை மும்பைப் பெண்கள் தொடங்கினார்கள். கோரோ என்ற அமைப்பின் மும்தாஜ் ஷேக் அதில் முன்னால் நின்றவர். 2015இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஆண்கள் நின்றுகொண்டு காசில்லாமல் போகிறார்கள், பெண்களிடம் மட்டும் ஏன் காசு வாங்குகிறீர்கள்? அம்மாவுக்கு அந்த இயக்கமெல்லாம் தெரியாது. அடக்கியவளின் முகம் தெரியும். அந்த முகத்தைப் பூனையிடம் பார்த்துவிட்டாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பாத்ரூமின் வெள்ளை டைல்ஸில் மூன்று சொட்டு. ஒவ்வொன்றும் கடுகு பெரிது. வெளிறிய ரோஜா நிறம். நடுச் சொட்டில் மட்டும் நூல் போல ஒரு சிவப்பு. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை எல்லாம் பார்த்து நோயைச் சொல்லும் நீர்க்குறி நெய்க்குறி சாஸ்திரம் தேரையர் பேரில் வழங்குகிறது. எனக்கு நிறம் ஒன்றே போதுமாக இருந்தது. அவன் அடிவயிற்றை மெல்லத் தொட்டேன். உள்ளே ஓர் எலுமிச்சங்காய். பழமல்ல, காய், அவ்வளவு இறுக்கம். அவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆபா எழுந்து வந்துவிட்டார்.

ஆபாவின் கையில் பாதி பாராசிட்டமால் மாத்திரை. நல்ல மனசு; நம் வீட்டுப் பிள்ளைக்கு வலியென்றால் நாமும் அதைத்தானே தேடுவோம். ஆனால் பூனைக்கு அது விஷம். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது; ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு நீலம் பாரிக்கும். ஒரே மாத்திரையில் செத்த பூனைகள் உண்டு. இது எனக்கு எப்போதோ காதில் விழுந்திருந்தது, அதிர்ஷ்டம். நெய்யைப் பற்றி விழுந்திருக்கவில்லை.

விடிந்ததும் காய்கறிக் கூடையில் துண்டை விரித்து அவனை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோ சயான் வரைதான் போகும். அதற்குத் தெற்கே அதற்கு அனுமதியில்லை. இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் இந்த நகரத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் கட்டுரை தாங்காது. பரேலில் பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை. தின்ஷா பெட்டிட் என்ற பார்சி மில் முதலாளி தன் மனைவி பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏற்படுத்திக் கொடுத்தது. 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடைக் கல்லூரியும் அங்கேதான். ஆடு, நாய், சிறகொடிந்த பருந்து என்று ஒரு ஜனசமுத்திரம். ஜனம் என்று சொல்லலாம்தானே?

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டானா?” இல்லை. “கடைசியாக எப்போது ஒழுங்காக மூத்திரம் போனான்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் நிமிஷக் கணக்கில் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை.

கடுவனுக்கு மூத்திரக் குழாய் நுனியில் ஒரு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். மணலும் சளியும் சேர்ந்து கெட்டியான ஒரு துணுக்குப் போதும், தக்கை அடித்தது போல அடைத்துக்கொள்ளும். பெட்டைக்கும் பையில் கோளாறு வரும். ஆனால் அதன் குழாய் அகலமானது, நீளமும் குறைவு என்பதால் இப்படி அடைப்பது அபூர்வம். அடைத்த பின் கழிவெல்லாம் திரும்பி ரத்தத்தில் ஏறும். பொட்டாசியம் கூடும், கூடினால் இதயம் தடுமாறும். ஒரு நாளில் சோர்ந்து வாந்தியெடுப்பான். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். “முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது” என்றார். நான் காலையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயக்கம் கொடுத்து மெல்லிய குழாயை நுழைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கிண்ணத்தில் சர்ரென்று ஒரு சத்தம். காப்பி டிகாக்‌ஷன் நிறம். அதில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிச் சில்லுகள் போல மினுங்கின. ஒவ்வொன்றும் சவப்பெட்டி மூடியின் அச்சு. ஸ்ட்ரூவைட் என்றார். இந்த ரகத்தை அதற்கென்று உள்ள தீனியால் கரைத்துவிடலாம். ஆக்ஸலேட் கல்லென்றால் கரையாது, கத்திதான். மூன்று நாள் குழாயோடும் டிரிப்போடும் கிடந்தான். தினமும் போய் அந்தப் பையில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதர்களின் ஐசியூ வாசலில்கூட நான் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்ததில்லை.

நீர்க்கடுப்பு என்றாலே கிருமி, கிருமி என்றால் ஆன்டிபயாடிக் என்பது நம் வீட்டுக் கணக்கு. பூனைக்கு அது பொருந்தாது. வயதான பூனைக்குக் கிருமி தொற்றும். இளம் பூனைக்கு அது குறைவு. பாதிக்கு மேல் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது, பை மட்டும் புண்ணாகிக் கிடக்கும். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்து டோனி பஃபிங்டன் இதைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்தவர். மூத்திரப்பையை மட்டும் பார்க்காதே, பூனை வாழும் வீட்டையும் பார் என்பது அவர் கட்சி. படிக்கிறபோது கொஞ்சம் மிகை என்று தோன்றியது. பிறகு எங்கள் மே மாதத்தை நினைத்துப் பார்த்தேன்.

மே மாதம் தண்ணீர் வெட்டு. இரண்டு நீல டிரம் வாங்கினோம். வைக்க இடமில்லாமல் மணல் தட்டைத் தூக்கி வாஷிங் மெஷின் பக்கத்தில் தள்ளினேன். மெஷின் சுற்றும்போது அவன் அந்தப் பக்கமே போகமாட்டான். லீவுக்கு அக்கா பையன்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இதையெல்லாம்விடப் பெரியது, பொம்பில் எப்போதும் கிண்ணத்தில் குடிக்கிறவனல்ல, பாத்ரூம் பக்கெட்டில்தான் குடிப்பான். தண்ணீர் வெட்டில் பக்கெட்டுக்கு மூடி போட்டாயிற்று. அவனுடைய குளத்தை நான்தான் மூடினேன். பூனையின் பாட்டன் ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் குறைவு, இரையின் ஈரத்திலேயே காலம் தள்ளிவிடும். எலியில் முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்த தீனியில் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தைக் குடித்து ஈடுகட்ட அதற்குத் தோன்றாது.

இப்போது வீட்டில் மூன்று இடத்தில் அகலக் கிண்ணம், எதுவும் மணல் தட்டுக்குப் பக்கத்தில் இல்லை. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு. 225 சதுர அடியில் அது ஆடம்பரம்தான். என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு போயிற்று. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தீனியை முதல் இரண்டு மாதம் போட்டோம். விலையைச் சொன்னால் அம்மா தூங்கமாட்டாள், அதனால் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் சம்மதத்தோடு ஈரத் தீனிதான். மேலே பாங்கடா மீன் வேகவைத்த தண்ணீர், உப்பில்லாமல், வெங்காயம் பூண்டு இல்லாமல். ஆபா வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பாரேன் என்றார். அதை நானே குடித்தேன்.

அடைப்பு திரும்ப வருமாம், முதல் சில வாரத்தில் அதிகம். மறுபடி மறுபடி வந்தால் குழாயின் குறுகிய நுனியையே வெட்டி வாயை அகலமாக்கும் ஆபரேஷன் உண்டு என்றார்கள். இதுவரை வரவில்லை. தினமும் காலையில் கண் விழித்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, “போனானா?” நான் சின்னக் கரண்டியால் மணலைக் கிளறி எண்ணிச் சொல்வேன். “ரெண்டு உருண்டை, எலுமிச்ச சைஸ்.” அதற்குப் பிறகுதான் காப்பி.

போன வாரம் அம்மாவும் நானும் மாட்டுங்காவுக்குப் பூவும் வாழைத்தண்டும் வாங்கக் கிளம்பினோம். நல்ல வெயில். குர்லாவில் வண்டி மாறும்போது பாட்டிலைத் திறந்து நீட்டினேன். உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“வீட்டுக்குப் போயி குடிச்சிக்கிடுதேன்.”