விஸ்டாவுக்கு வெளி மெயில்

அன்புள்ள தம்பிக்கு,

 

உன் மெயிலைப் படித்தேன். நோயாளிப் பதிவுகளை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி விஸ்டா மென்பொருளிலிருந்து வெளியே மெயில் போகவும், வெளியிலிருந்து உள்ளே வரவும் வழி செய்யும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல் போக வேண்டும், வெளி டாக்டர்களின் கடிதமும் லேப் ரிப்போர்ட்டும் நேரே விஸ்டாவுக்குள் வந்து விழ வேண்டும் என்று கேட்கிறார்கள். இத்தனை வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த விஸ்டாதான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பும் வேலையைத் தாராளமாக எடுத்துச் செய். வாங்கும் வேலைக்கு மட்டும் அவர்கள் கேட்கிறபடி சம்மதிக்காதே. வெளியிலிருந்து வரும் கடிதம் வேறொரு பெட்டிக்கு வரட்டும். அங்கே ஓர் ஆள் அதைப் படித்து, எந்த நோயாளியுடையது என்று சரிபார்த்து, பிறகு விஸ்டாவில் ஏற்றட்டும்.

இதற்குக் காரணம் விஸ்டாவின் மெயில் பகுதியான மெயில்மேனின் வயது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் ஆஸ்பத்திரிகளில் சிலர் மம்ப்ஸ் மொழியில் எழுதிக்கொண்டிருந்த, பின்னாளில் விஸ்டாவான மென்பொருளை அந்தத் துறை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1982இல். அதன் டேட்டாபேஸ் பகுதியான ஃபைல்மேனை ஜார்ஜ் டிம்சன் எழுதினார். மெயில்மேன் டாம் மன்னெக்கியின் வேலை. இன்றைக்கு உலகமே மெயில் அனுப்பப் பயன்படுத்தும் எஸ்.எம்.டி.பி. முறையின் தர விதிகளை ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டதும் அதே 1982இல், ஆகஸ்ட் மாதத்தில்தான். அந்த முறையைப் பேசக் கற்றுக்கொண்ட மெயில்மேன், ஒரு ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் இடையில் ஓடியது. எதிர்முனையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே துறையின் ஆட்கள். அனுப்புகிறவர் யார் என்று சந்தேகப்படும் தேவையே அப்போது எழவில்லை.

அந்த நம்பிக்கை அதன் முகவரிகளில் அப்படியே இருக்கிறது. ஒரு ஆளின் பெயருக்கு மெயில் போடலாம். பெயருக்கு முன்னால் ‘ஜி’ என்ற எழுத்தும் புள்ளியும் வைத்தால் அது ஒரு குழுவுக்குப் போகும். ‘டி’யும் புள்ளியும் வைத்துப் பிரின்டரின் பெயரைப் போட்டால், செய்தி வார்டில் இருக்கும் அந்தப் பிரின்டரில் அச்சாகி வெளியே வரும். ‘எஸ்’ஸும் புள்ளியும் வைத்தால், மெயில் வந்து சேர்ந்ததும் விஸ்டாவுக்குள் ஒரு புரோகிராம் ஓடும். சர்வர் ஆப்ஷன் என்பார்களே, அதுதான். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு விவரம் அனுப்ப இதைவிட அழகான ஏற்பாடு அந்தக் காலத்தில் கிடையாது. விஸ்டாவின் பேட்ச்களே மெயில்மேன் செய்தியாகத்தான் ஊர் ஊராகப் போயின. நான் இதை இன்றைக்கும் வியந்துதான் பார்க்கிறேன். ஆனால் அதே கதவை இன்றைய இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்.

முதல் வேலையாக ஆப்ஷன் கோப்பில் சர்வர் வகை ஆப்ஷன்களைப் பட்டியல் எடு. ஒவ்வொன்றிலும் சர்வர் ஆக்‌ஷன் என்றொரு புலம் இருக்கும்: உடனே ஓட்டு, வரிசையில் வை, குழுவுக்குத் தெரிவி, கண்டுகொள்ளாதே என்று நான்கு வழி. உங்களுக்குத் தேவையில்லாத ஒவ்வொன்றையும் கடைசி வழிக்கு மாற்று. மெயில் குழுக்களில் அனுமதி பெற்ற அனுப்புநர் பட்டியல் வைக்கலாம். டூட்டி டாக்டர்கள் இருக்கும் குழுக்களுக்காவது அதை நிரப்பிவிடு.

இன்னொரு ஆபத்தை யாரும் யோசிப்பதில்லை. மெயில்மேன் செய்திகள் உட்காருவது நோயாளிப் பதிவுகள் இருக்கும் அதே டேட்டாபேஸில். ஒரு மெயில் சர்வரைக் குப்பை மெயில் நிரப்பினால் மெயில்தான் நிற்கும். இங்கே டிஸ்க் நிரம்பினால் வார்டில் மருந்து ஆர்டர் போடுவதே நின்றுவிடும். ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸ் திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலையை ஒரு லாட்டரி மெயில் உண்டாக்கக் கூடாது.

அதனால் மெயில்மேனுக்கு முன்னால் தனியாக ஒரு லினக்ஸ் மெஷினில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை வை. வெளி உலகத்தோடு பேசுவது அது மட்டும். மெயில்மேனின் 25ஆம் போர்ட்டைத் தொட ஃபயர்வாலில் அந்த ஒரு மெஷினுக்குத்தான் அனுமதி. போஸ்ட்ஃபிக்ஸில் எந்தெந்த முகவரிக்கு வரும் மெயிலை ஏற்கலாம் என்ற பட்டியலை எழுதிவை. அதில் இல்லாதது வாசலிலேயே 550 என்ற மறுப்புக் குறியீட்டை வாங்கித் திரும்பட்டும். அந்தப் பட்டியலில் புள்ளி வைத்த ‘எஸ்’ முகவரியும் ‘டி’ முகவரியும் ஒருநாளும் இடம்பெறக் கூடாது. உள் நெட்வொர்க் தவிர வேறு யாருடைய மெயிலையும் வெளியே தள்ளிவிடாதபடியும் பார்த்துக்கொள். திறந்த ரிலேயாக ஒரு இரவு இருந்தாலே உங்கள் ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

விஸ்டா பக்கத்து வேலை கொஞ்சம்தான். டொமைன் கோப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் மெஷினுக்கு ஒரு பதிவு போடு, டிரான்ஸ்மிஷன் ஸ்கிரிப்ட்டில் அதன் முகவரியையும் 25ஆம் போர்ட்டுக்கான டி.சி.பி. வழியையும் கொடு. வெளி டொமைன்களுக்கு அதையே ரிலே டொமைனாகக் காட்டு. டொமைன் பதிவின் ஃபிளாக்கில் ‘எஸ்’ இருந்தால்தான் அனுப்பும். ‘க்யூ’ இருந்தால் வரிசையில் சேர்த்துக்கொண்டே போகும். சோதனை முடியும்வரை ‘க்யூ’விலேயே வை. போஸ்ட்மாஸ்டரின் பெட்டியில் ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு கூடை உண்டு, போகக் காத்திருப்பதெல்லாம் அதில் கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பார். கூடை காலியாகாமல் பெருகினால் லிங்க் விழுந்துவிட்டது அல்லது பின்னணி வேலைகளை ஓட்டும் டாஸ்க்மேன் ஓடவில்லை என்று அர்த்தம்.

மெயில்மேன் எழுதப்பட்ட காலத்தில் டி.எல்.எஸ். கிடையாது, அதனால் வழியில் மறைத்து அனுப்பும் பொறுப்பும் போஸ்ட்ஃபிக்ஸுக்குத்தான். அனுப்புநரைச் சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் மூன்றையும் டி.என்.எஸ்.ஸில் போடு, ஐ.பி.க்கு ரிவர்ஸ் பெயரும் வாங்கு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கறாராக இருக்கிறது. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். உங்கள் எண்ணிக்கை அவ்வளவு வராது, ஆனாலும் மூன்றும் இல்லாத ஆஸ்பத்திரி மெயில் ஸ்பாமுக்குள் போய்விடக்கூடும். நோயாளி அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிடுவார்.

ஒன்றை மறக்கவே மறக்காதே. டெஸ்ட் சிஸ்டம் தேவைப்படும்போது புரொடக்‌ஷனை அப்படியே காப்பி எடுப்பார்கள். அந்தக் காப்பியில் டொமைன் பெயர், வரிசையில் கிடக்கும் மெயில், நினைவூட்டல் டாஸ்க் எல்லாம் சேர்ந்தே வரும். அது எழுந்து நின்றதும் நிஜ நோயாளிகளுக்கு மெயில் போட ஆரம்பித்துவிடும். ரத்தான அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு வயதானவர் வெயிலில் பஸ் ஏறி வருவார். காப்பியை ஓடவிடுவதற்கு முன்பே டாஸ்க்மேனை நிறுத்து, எல்லா டொமைன் ஃபிளாக்கையும் மூடு, வேறு பெயரில் கிறிஸ்டன் பண்ணு, அதாவது அதன் டொமைன் பெயரை மாற்று. விஸ்டாவின் அடித்தளப் பகுதியான கேர்னலில் இது புரொடக்‌ஷனா டெஸ்ட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நினைவூட்டல் அனுப்பும் ரொட்டீன் முதல் வரியிலேயே அதைக் கேட்கட்டும்.

இனி மெயிலுக்குள் என்ன எழுதுவது. டெக்னிக்கல் வேலையைவிட இதில்தான் நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு மெயில் முகவரி ஒரு ஆளுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்டரில் அம்மா தன் மகனுடைய முகவரியைத் தருவார். மனைவிக்குக் கணவரின் முகவரிதான் எழுதப்பட்டிருக்கும். போன் வீட்டு மேஜையில் கிடக்கும், மெயில் வந்தால் பூட்டிய திரையிலேயே தலைப்பு தெரியும். அந்தத் தலைப்பில் ‘மனநலப் பிரிவு, டாக்டர் இன்னார், செவ்வாய் காலை 10 மணி’ என்று இருந்தால்? எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ‘ஏ.ஆர்.டி. மையம்’ என்றோ ‘குழந்தைப்பேறு சிகிச்சை’ என்றோ இருந்தால்? அந்த நோயாளி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை நாம் போய் வீட்டுக் கூடத்தில் சொன்னதாகிவிடும். வழியில் எவ்வளவு மறைத்து அனுப்பினாலும் இதைத் தடுக்க முடியாது. எஸ்.மைம் போட்டு உள்ளடக்கத்தை மறைத்தால்கூடச் சாதாரணமாகத் தலைப்பு வெளியேதான் தெரியும்.

ஆகவே தலைப்பில் ஆஸ்பத்திரி பெயரும் ‘நினைவூட்டல்’ என்ற சொல்லும் போதும். உள்ளே தேதி, நேரம், எந்தக் கவுன்டருக்கு வர வேண்டும், கூப்பிட ஒரு நம்பர். பிரிவு வேண்டாம், டாக்டர் பெயர் வேண்டாம், யூ.எச்.ஐ.டி. என்ற நோயாளி எண் வேண்டாம். அனுப்புநர் முகவரியிலும் பிரிவின் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் பார். மார்க்கெட்டிங்காரர்கள் ‘உங்கள் இதய நலனில் அக்கறையுடன்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். விடாதே. மெயில்மேன் தலைப்பு 65 எழுத்துக்கு மேல் ஏற்காது; எனக்கு அது வசதியாகவே தோன்றுகிறது.

கவுன்டரில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்: இந்த முகவரியை வேறு யாராவது பார்ப்பார்களா, மெயில் அனுப்பலாமா? இங்கே அமெரிக்காவில் ஹிப்பா சட்டத்தின் 2013 விதிகளை வெளியிட்டபோது, ஆபத்தை எடுத்துச் சொன்ன பிறகும் நோயாளி சாதாரண மெயிலே போதும் என்றால் அனுப்பலாம் என்று விளக்கினார்கள். முடிவு அவருடையது என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன். இந்தியாவிலும் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத்தான் மையமாக வைக்கிறது. ‘வேண்டாம்’ என்றவரின் முகவரி கோப்பில் இருந்தாலும் உன் ரொட்டீன் அதைத் தாண்டிப் போக வேண்டும்.

உள்ளே வரும் கடிதங்களுக்கு வருகிறேன். வெளி டாக்டர் ஜிமெயிலிலிருந்து எழுதுவார், அதில் எச்.டி.எம்.எல். இருக்கும், ஒரு பி.டி.எஃப். இருக்கும், பெயர் தமிழில் இருக்கும். வெறும் எழுத்து வரிகளுக்காகக் கட்டப்பட்ட மெயில்மேனில் அது புரியாத எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். ‘செல்வி, 42’ என்று மட்டும் எழுதி வந்த பயாப்சி ரிப்போர்ட்டை எந்தச் செல்வியின் பதிவில் சேர்ப்பது? இதை ஒரு புரோகிராமிடம் விட எனக்குத் துணிவில்லை. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவான எம்.ஆர்.டி.யில் பதிவேடுகளோடு பழகிய ஒருவர் சாதாரண மெயில் பெட்டியில் அதைத் திறந்து, பிறந்த தேதியையும் யூ.எச்.ஐ.டி.யையும் ஒப்பிட்டு, சந்தேகமானால் அனுப்பிய டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டு, பிறகு ஸ்கேனாகவோ குறிப்பாகவோ ஏற்றட்டும். பார்க்க வேண்டிய டாக்டருக்கு விஸ்டாவிலேயே அலர்ட் போகும்.

மெயில்மேன் பெட்டியை ஆவண அறையாக யாரும் நினைக்காமல் பார்த்துக்கொள்வதும் உன் வேலை. நெடுநாள் தொடாத செய்திகளை உள்பெட்டியிலிருந்து சுத்தம் செய்யும் வேலை அதிலேயே உண்டு, யாருடைய பெட்டியிலும் இல்லாத செய்தி நிரந்தரமாகப் போய்விடும். வெளி டாக்டரின் கடிதம் கையெழுத்திட்ட குறிப்பாக மாறினால்தான் அது நோயாளியின் பதிவு.

வெளிக் கடிதங்கள் தானாகவே விஸ்டாவுக்குள் வர வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால் டைரக்ட் முறையைப் பற்றிச் சொல். 2010இல் இங்கே தொடங்கியது. அதுவும் மெயில்தான், ஆனால் இரு பக்கமும் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குள் மட்டும் ஓடும், செய்தி முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். யார் அனுப்பியது என்பதில் சந்தேகம் இருக்காது. உங்களோடு அடிக்கடி தொடர்பில் உள்ள நாலைந்து லேப்களோடு அப்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்ள முடியும் என்றால் அதற்கு நானும் உட்கார்ந்து உதவுகிறேன்.

விஸ்டாவுக்குள் வெளியிலிருந்து நேராக வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: டெலிவரி ஆகாமல் திரும்பும் மெயில். அது போஸ்ட்மாஸ்டர் பெட்டிக்கு வரும், வழக்கமாக அதை யாரும் திறப்பதில்லை. அங்கே திரும்பி வந்து கிடக்கும் ஒவ்வொன்றும் நினைவூட்டல் போய்ச் சேராத ஒரு நோயாளி. சரகேட் வசதியில் ஒருவருக்கு அந்தப் பெட்டியைப் படிக்கும் உரிமை கொடு. தினமும் காலையில் பார்த்து, அந்த நோயாளிகளுக்குப் போன் போட்டு முகவரியைத் திருத்துவது அவருடைய வேலை என்று எழுத்தில் வாங்கிக்கொள். அந்த ஆள் முடிவாகும்வரை டொமைன் ஃபிளாக் ‘க்யூ’விலேயே இருக்கட்டும், எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

நினைவூட்டல் மெயிலின் வாசகத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்.

உன் அக்கா