முன்வாசலில் தயங்கி நிற்கிறவர்கள்



நோன்பு நெருங்குகிறது. கல்முனைப் பக்கம் பெயின்ற் கடைகளில் சனம் கூடிவிட்டது. சுவருக்கு வெள்ளை, கேற்றுக்குக் கறுப்பு, விறாந்தைத் தூணுக்கு மட்டும் வேறொரு நிறம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு வேலை நடக்கிறது. இரண்டு கிழமையாக எங்கள் போனுக்கும் வாசல் படங்கள் வந்தபடி இருக்கின்றன. "இந்த மாடல் நல்லா இரிக்கா டீச்சர்?" "சேர், உங்கட வாசலுக்கு என்னென்ன செஞ்ச?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

வந்த படங்கள் அழகானவை. பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி, பொன் நிறக் கைப்பிடி, மூலையில் ஒரு பெரிய சாடி. ஆனால் எந்தப் படத்திலும் ஒரு செருப்பு கூட இல்லை. நம் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை பின்னேரம் எத்தனை சோடி கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குடையும் இல்லை, பிள்ளைகளின் சைக்கிளும் இல்லை. அந்த வாசல்களுக்குள் ஆட்கள் வந்து போகிற மாதிரியே தெரியவில்லை.

நாங்கள் இருவரும் படிப்பிக்கிறவர்கள். வாசல் விஷயத்தில் எங்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. பிள்ளைகளின் விஷயமாக வாப்பாமார், உம்மாமார் வீடு தேடி வருவார்கள். கடலுக்குப் போகிறவர், வயலில் நிற்கிறவர், மேசன் வேலை செய்கிறவர் என்று பலவகை ஆட்கள். டைல்ஸ் பதித்த பெரிய வீடுகளில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பலமுறை கவனித்திருக்கிறோம். செருப்பைக் கேற்றுக்கு வெளியிலேயே கழற்றுவார்கள். தரையைப் பார்ப்பார்கள். பிறகு தங்கள் காலைப் பார்ப்பார்கள். "கால் முழுக்க மண், இதில நிண்டே கதைச்சிட்டுப் போறன்" என்பார்கள். கதிரையைக் காட்டினாலும் இருக்க மாட்டார்கள். சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லாமலே போய்விடுவார்கள். அந்தப் பாதியில்தான் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வருவதில்லை என்ற காரணம் இருக்கும்.

எனவே வீட்டின் முன்பக்கத்தை முடிக்கும்போது எங்களுக்குள் ஒரு கேள்விதான் இருந்தது. இந்த வாசலுக்கு வர யார் அதிகம் தயங்குவார்கள்? அவர்களுக்கு ஏற்றமாதிரி செய்தால் மற்றவர்களும் தாராளமாக வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் எந்த வாசலுக்குள்ளும் வரத்தான் போகிறார்கள், அவர்களைப் பற்றி அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை!

முன்பு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. கிடுகு வேலி, கடப்பு, முற்றத்தில் வெள்ளை மணல், பிறகு இரண்டு படி, விறாந்தையில் ஓர் அரைச்சுவர்க் குந்து. வருகிறவர் மணலில் நடந்து வரும்போதே கால் துடைபட்டுவிடும். குந்தில் இருக்க யாரும் சொல்லத் தேவையில்லை, மீன் கொண்டு வருகிறவரும் இருப்பார், மௌலவியும் இருப்பார். வேலி தகரமாகி, தகரம் மதிலாகி, மதில் ஆறடியாக உயர்ந்ததற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு காரணம் இருந்தது. யுத்த காலத்துப் பயம் நம் எல்லோருக்கும் தெரியும். அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை, எங்கள் வீட்டுக்கும் மதில் இருக்கிறது.

வீட்டின் உயரமும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகும் 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகும் கட்டுகிறவர்கள் அத்திவாரத்தை உயர்த்தத் தொடங்கினார்கள். எங்கள் வீடும் முற்றத்திலிருந்து மூன்றடி உயரம். இந்த உயரத்தை ஏறிக் கடக்க வேண்டியவர் எங்களோடு இருக்கும் உம்மா. வயது எழுபத்தெட்டு. இரண்டு முழங்காலும் நோ.

2022இல் சீமெந்தும் டைல்ஸும் விலை ஏறியபோது எங்கள் வேலை முன்பக்கத்தோடு நின்றுபோனது. இரண்டு வருடம் செங்கல் அடுக்கித்தான் ஏறி இறங்கினோம். அந்த இரண்டு வருடமும் உம்மா அநேகமாக வெளியே வரவில்லை. பழைய வீட்டில் அஸர் தொழுதுவிட்டுக் குந்தில் இருந்தால் மஃரிப் வரைக்கும் அவரைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். புதிய வீட்டில் மதிலையும் தகடு அடித்த கேற்றையும் பார்த்துக்கொண்டு உள்ளே கிடந்தார். "ஆர் போறா, ஆர் வாறா எண்டே தெரியுதில்ல புள்ள" என்று ஒருநாள் சொன்னார். எங்கள் வாசல் வேலை முழுவதும் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நடந்தது என்று சொல்லலாம்.

முதலில் படி. மேசன் நான்கு படி என்றார். மூன்றடிக்கு நான்கு என்றால் ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். இளம் ஆட்களுக்குப் பரவாயில்லை, முழங்கால் நோ உள்ளவருக்கு அது மலை. ஆறங்குலமாக ஆறு படி கேட்டோம், காலை முழுதாக வைக்க ஒவ்வொன்றும் பன்னிரண்டு அங்குல அகலம். கார் நிற்பாட்டும் இடம் குறையும் என்று சொல்லிப் பார்த்தார். எங்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள்தானே. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடவும் யோசித்தோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு, மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. எங்கள் முன்வளவே பதினெட்டடி. வளைத்துப் போடலாம்தான், காசு போதவில்லை. உயரம் குறைந்த வீட்டுக்காரர் யாராவது இதை வாசித்தால் படியோடு சேர்த்துச் சாய்தளத்தையும் போட்டுவிடுங்கள். நமக்கு எப்போது தேவைப்படும் என்று அல்லாஹ் அறிவான்.

படிக்கு கிரனைட் வேண்டாம் என்றோம். வாடைக் காலத்தில் மழைச்சாரல் பட்டால் மினுக்கிய கல்லில் கால் நிற்காது. சீமெந்து காயுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துவிடச் சொன்னோம், அந்தக் கோடுகள் காலைப் பிடிக்கும். பார்க்கவும் மோசமில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கரை, பழைய வீட்டுத் தரையின் ஞாபகத்துக்கு. இரண்டு பக்கமும் மரக் கைபிடி. கச்சான் காலத்துப் பகலில் இரும்பைத் தொட முடியாது, கடற்காற்றுக்கு அது துருவும் பிடிக்கும். நிலைக்கு அறுத்த முதிரையில் மிஞ்சிய துண்டுகளை ஓடாவி இழைத்துப் பொருத்திக் கொடுத்தார். எங்கள் வாசலில் கண்ணுக்கு ஆக அழகானது அந்தக் கைபிடிதான் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

பிறகு கேற். முழுத் தகடு அடித்தால் மதிலோடு மதிலாகிவிடும். கீழ் மூன்றடிக்குத் தகடு, மேலே கம்பி என்று மாற்றினோம். இதற்கு எங்கள் மகள்தான் எதிர்ப்பு. "ரோட்டால போற எல்லாரும் உள்ளுக்குப் பார்ப்பாங்க உம்மா" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் வீடுகளுக்கு மறைப்பு வேண்டும். அந்தக் கவலையைத் தள்ளிவிட்டு வாசல் செய்ய முடியாது.

இங்கேதான் நம் மார்க்கம் சொல்லித் தந்த ஒழுங்கு எங்களுக்கு அப்படியே வரைபடமாக உதவியது. சூரத்துன் நூரின் 27ஆம் வசனம் அனுமதி பெற்று, வீட்டாருக்கு ஸலாம் சொல்லி நுழையச் சொல்கிறது. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் ஹதீஸில் இருக்கிறது. கதவுக்கு நேரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். இதைச் சிறுவயதில் ஓதியிருக்கிறோம். ஆனால் ஒதுங்கி நிற்க நம் வாசலில் இடம் எங்கே? ஒரு பக்கம் பூச்சாடி, மறுபக்கம் செருப்பு. வருகிறவர் வேறு வழியில்லாமல் கதவுக்கு நேரே வந்து நிற்கிறார், உள்ளே இருக்கிற பெண்கள் முந்தானையைத் தேடி ஓடுகிறார்கள்.

எனவே கதவின் வலப்புறத்தை வெறுமையாக விட்டோம். மூன்றுக்கு மூன்றடி இடம், மேலே மழைக்கு மறைப்பு. அழைப்பு மணியும் அந்தப் பக்கத்துச் சுவரில்தான், ஒரு சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில். மணி அங்கே இருந்தால் யாரும் சொல்லாமலே ஆள் அங்கே போய் நிற்பார். கதவைத் திறந்தாலும் ஹோல் தெரியாது. படங்களில் வருகிற ஆளுயரக் கண்ணாடியைக் கதவுக்கு எதிரே மாட்ட நினைக்கிறவர்கள் ஒரு தடவை வெளியே நின்று பாருங்கள், வீட்டின் உள்பக்கம் முழுவதும் அதில் தெரியும். மாட்டத்தான் வேண்டும் என்றால் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

கதவுக்கு மருதமுனைத் தறிச் சீலையில் திரை. பத்து நிமிஷப் பயணத்தில் இப்படி ஒரு நெசவு இருக்கும்போது மினுமினுக்கும் பொலியெஸ்டரை ஏன் வாங்குகிறோம் என்று தெரியவில்லை. பருத்தி காற்றை விடும், தோய்க்கத் தோய்க்க மென்மையாகும். இன்னொன்று, பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே நிழல். அதனால் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. இரவில் உள்ளே பல்ப் எரிந்தால் இது தலைகீழாகிவிடும். வயரிங் செய்தவரிடம் சொல்லி விறாந்தை பல்பைப் படிக்கு மேலே, முன்னுக்குத் தள்ளிப் போட்டோம். படி தெரியும், ஆளின் முகம் தெரியும், உள்ளே தெரியாது. பல்ப் மஞ்சள் வெளிச்சம், 3000 கெல்வின் என்று பெட்டியில் இருக்கும். 6500 போட்டால் வாசல் மருந்துக்கடை மாதிரி ஆகிவிடுகிறது.

இதே கணக்குத்தான் குந்துக்கும். விறாந்தையின் இடப்பக்கம், கேற்றுக்கு நேரே இல்லாமல், பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு குந்து கட்டினோம். முன்னால் குரோட்டன், செவ்வரத்தை, ஒரு மருதோண்டி. இலைக்குப் பின்னால் நிழலில் இருக்கிற உம்மாவுக்கு ரோட்டில் போகிறவர்கள் தெரிவார்கள். ரோட்டில் போகிறவருக்கு உம்மாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மகளும் அதில் இருந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். இப்போது அவளும் கூட்டாளிமாரும்தான் மருதோண்டி பறிக்க ஆக அதிகம் வருகிறார்கள். சாடிகளுக்குக் கீழே தட்டு வைக்கவில்லை. தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஒரு கிழமை பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். பீஎச்ஐ வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

செருப்புக்கு இறாக்கை வைத்தோம், ஆனால் அதை மேலே வைக்கவில்லை. படியின் அடியில், முற்றத்தில் வைத்தோம். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், நிற்க ஒரு கருங்கல், துடைக்க ஒரு தும்பு மிதியடி. கால் மண்ணோடு வந்தவர் கழுவிவிட்டு ஏறலாம். மொத்தச் செலவில் இது ஆகச் சிறியது, ஆகப் பயன்பட்டதும் இதுதான். போன மாதம் ஒரு பிள்ளையின் வாப்பா வயலிலிருந்து நேரே வந்தார். குழாயைப் பார்த்தார். கேட்காமலே காலைக் கழுவிக்கொண்டு ஏறி வந்து குந்தில் இருந்தார். முக்கால் மணித்தியாலம் கதைத்தார். அந்தப் பிள்ளை இப்போது ஒழுங்காக வருகிறான்.

கதவுக்கு மேலே ஆயத்துல் குர்ஸி மாட்டியிருக்கிறோம், வாப்பாவின் காலத்துச் சட்டம். 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில் நம் தெருவில் பல வீடுகளின் முன்வாசலிலிருந்து அரபு எழுத்துகள் உள்ளே போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுடையதும் ஒரு துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருந்தது. வேலை முடிந்த அன்று அதைத் துடைத்து வெளியே மாட்டிவிட்டோம். அதைப் பற்றி வேறொன்றும் எழுதப் போவதில்லை.

நோன்பில் ஸகாத், ஸதகா கேட்டு வருகிற பெண்களைப் பற்றியும் ஒரு விஷயம். போன வருடம் அவர்களில் இரண்டு பேர் வெயிலுக்குக் குந்தில் வந்து இருந்தார்கள். உம்மா அவர்களோடு ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் உம்மாவின் உம்மா பிறந்த தெருவைச் சேர்ந்தவர், குடியும் ஒன்று. காசைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. இந்த வருடம் அவர் வரும்போது கொடுப்பதற்கென்று உம்மா இப்போதே ஒரு சாரி எடுத்து வைத்திருக்கிறார்.

செலவு கேட்டவர்களுக்கு: படி, குந்து, குழாய், கேற் மாற்றம் எல்லாவற்றிலும் கேற்தான் கூட. பழைய கேற்றில் மேல் தகட்டை மட்டும் வெட்டிக் கம்பி ஒட்டுவித்தால் பாதிதான் வரும், வெல்டிங் செய்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். டைல்ஸ் ஏற்கெனவே பதித்தவர்கள் உடைக்க வேண்டாம். படியின் விளிம்பில் ஒட்டுகிற சொரசொரப்பான பட்டி கடைகளில் இருக்கிறது, அதுவும் ஒரு கைபிடியும் போதும்.

மருதோண்டிக் கம்பு கேட்டவர்கள் வந்து வெட்டிக்கொண்டு போங்கள், நன்றாகத் தழைத்திருக்கிறது. அஸருக்குப் பிறகு கேற் பூட்டுவதில்லை. உம்மா குந்தில் இருப்பார், அவரிடம் கேட்டால் எந்தக் கம்பு முளைக்கும் என்று அவரே காட்டித் தருவார்.