புன்னக்காயலுக்கு ஒரு வண்டி

பொதிகை மலையிலே பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியைக் கண்டு, நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே நடந்து, திருவைகுண்டத்தில் தன் கடைசி அணையைத் தாண்டி, ஏரல், ஆத்தூர், முக்காணி என்று இறங்கி வந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் இடம் புன்னக்காயல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஆத்தூரை அடைந்து கிழக்கே திரும்ப வேண்டும். முதலில் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் வரும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை இதுதான். சற்று நேரத்தில் பச்சை தீர்ந்து உப்பளங்கள் தொடங்கும். காற்றிலே ஈரமும் உப்பும் ஏறும். அதன் பிறகு ஊர்.

இந்த ஊரின் பெருமையைப் பேசத் தொடங்கினால் நம் பேனா நிற்காது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் நடந்த கரை இது. தமிழை இலக்கணத்தோடு கற்று, தமிழ் எழுத்துக்களை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் பணிபுரிந்து, 1600-இல் உயிர் நீத்த ஊரும் இதுவே. அவருடைய உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் இம்முறை நாம் எழுத வந்தது அவற்றைப் பற்றியன்று. ஒரு சரக்கு வண்டியைப் பற்றி எழுத வந்தோம். வாசகர்கள் புன்னகை செய்யலாம், நாமும் செய்தோம். ஆயினும் இந்தக் கரையின் வரலாறே சரக்கு இடம்பெயர்ந்த வரலாறுதானே! பழங்காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை கடல்துறையாக விளங்கியது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகவே, துறை பழைய காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ கண்ட காயல் அதுதான் என்று கால்டுவெல் ஐயர் அகழ்ந்தும் ஆராய்ந்தும் எழுதினார். அங்கும் மண் மேடிட, போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னக்காயல் தலையெடுத்தது. பின்னர் தூத்துக்குடி அந்த இடத்தைப் பெற்றது. இன்று கொற்கையில் நின்று பார்த்தால் கடல் தெரியாது, வயல்தான் தெரியும். துறை எங்கே போனாலும், பிடித்த மீன் கெடுவதற்குள் சந்தை சேர வேண்டும் என்ற கவலை மட்டும் மாறவில்லை.

முன்பெல்லாம் அந்தக் கவலையைத் தலையில் சுமந்தவர்கள் பெண்கள். ஓலைக் கடகத்தில் மீனை அடுக்கி, வழியும் நீர் முகத்தில் இறங்காதபடி சும்மாட்டைச் சரிசெய்து, ஆத்தூர்வரை நடந்தவர்களை நாம் இளங்குருவாயிருந்த நாளில் கண்டிருக்கிறோம். பேருந்தில் ஏற்ற மறுத்த நடத்துனர்களும் உண்டு. கடைசி இருக்கையருகே இடம் ஒதுக்கிக் கொடுத்த புண்ணியவான்களும் உண்டு. அதன் பின் சைக்கிள் வந்தது, மொபட் வந்தது. 2005-இல் டாட்டா ஏஸ் வந்தபோது, நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயரிட்டு வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

நாம் சொல்ல வந்த குடும்பத்திலும் ஒரு பழைய குட்டியானை இருந்தது. தந்தை வள்ளத்தொழில் செய்பவர். தாய் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பாளையங்கோட்டை வரை அனுப்புபவர். மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். 2023 டிசம்பர் 17-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மழை பிடித்தது. மறுநாள் காலைக்குள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாள் அளவாக 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓர் ஆண்டில் பெய்யும் மழையை விட அது அதிகம். மேலே அணைகள் நிறைந்து திறக்கப்பட, ஆறு கரைகளை மறந்தது. புன்னக்காயல் துண்டிக்கப்பட்டுத் தீவாயிற்று. இவர்கள் வீட்டுக் குட்டியானை இயந்திரம் மூழ்க நீருக்குள் நின்றது. அதனினும் பெரிது, ஆற்றுமுகத்தில் கட்டியிருந்த வள்ளம் கயிறறுத்துக் கடலுக்குப் போனது. மூன்றாம் நாள் அது கிடைத்தபோது பக்கப்பலகை பிளந்திருந்தது.

அந்த வள்ளம்தான் இக்கட்டுரையின் முடிச்சு. "அன்னைக்கு மட்டும் நம்ம கையில ஒரு வண்டியும் டிரெய்லரும் இருந்திருந்தா, சாயங்காலமே மேட்டுல ஏத்தியிருப்பேன் சாமி. டிராக்டர்காரரு நாலு பேரு வள்ளத்தை இழுத்துட்டு, எங்கிட்ட வரும்போது தண்ணி வந்துட்டு" என்று அவர் நம்மிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்.

இந்த ஆண்டு மகன் பணம் அனுப்பினான். கூடவே ஒரு படமும் அனுப்பினான். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கியபோது எடுத்தது. முன்னே ஒரு பெரிய பிக்-அப் வண்டி. பின்னே சக்கரம் பூட்டிய ஒரு வீடு! அந்நாட்டில் விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய வீட்டை இப்படி இழுத்துக்கொண்டு போகின்றன. அதற்காகவே பின்கொக்கி, கூடுதல் குளிர்விப்பான், டிரெய்லர் விளக்குக்கான மின்னிணைப்பு ஆகியவற்றோடு வண்டியை முன்பதிவு செய்யலாமாம். தந்தைக்கு அந்தப் படம் ஒன்றே போதுமாயிருந்தது. வீட்டை இழுக்கும் வண்டி வள்ளத்தை இழுக்காதா? தாய்க்கோ வேறு கணக்கு. "இவருக்குக் கொக்கி வேணும். எனக்குப் பெட்டி வேணும் சாமி. வருசத்துல ரெண்டு நாள் வள்ளம் இழுக்குததுக்கு, முந்நூறு நாள் மீனு கெட்டுப்போகணுமா?" என்றார். வழக்கு நம்மிடம் வந்தது. ஏன் நம்மிடம் என்றால், நாம் வண்டி வாங்கி ஏமாந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதையும் சொல்லிவிடுகிறோம். முன்பு வேறொரு கடற்கரைப் பங்கில் இருந்தபோது ஒரு ஜீப் வாங்கினோம். விற்றவரின் பளபளப்பான பேச்சில் மயங்கி, அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு வேண்டுமா என்று கேட்கவே மறந்தோம். அவரும் சொல்லவில்லை. உப்புக்காற்று மூன்றே ஆண்டில் தரைத்தகட்டைத் தின்றது. ஒருநாள் பிரேக்கை மிதித்தபோது காலடியில் சாலை தெரிந்தது.

ஆகவே இம்முறை மூவருமாகத் தூத்துக்குடியிலுள்ள ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் வண்ணப் புத்தகத்தை விரிக்கும் முன்பே நாம் கேள்விகளை விரித்தோம். எத்தனை கிலோ மீன்? எத்தனை கிலோ ஐஸ்? தொலைவும் வெயிலும் கூடினால் மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் இட வேண்டும். அப்படியானால் 500 கிலோ மீனுக்கு 500 கிலோ ஐஸ். அதோடு பெட்டியின் எடை. குட்டியானையின் முக்கால் டன் இதற்குப் போதாது. இத்தனை நாள் அது சுமந்ததெல்லாம் அநியாயச் சுமை என்பதைத் தாய் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். ஒன்றேகால் டன்னுக்கு மேல் தாங்கும் பிக்-அப்தான் சரி என்று முடிவாயிற்று. அடிப்பாகத்துக்குப் பூச்சு, சரக்குத் தளத்தில் இடைவெளியில்லாத பைபர் உறை, ஐஸ் உருகும் நீர் சாலையில் சிந்தாமல் ஓரிடத்தில் வடிய ஒரு குழாய். அந்த உப்புநீர் சட்டத்தின்மேல் ஒழுகினால் நம் ஜீப்பின் கதிதான். வெப்பம் புகாத பெட்டியை நிறுவனத்திடம் வாங்காமல் பாடி கட்டுகிறவரிடம் தனியே செய்துகொள்ளலாமா என்று தாய் கேட்டார். செய்யலாம், ஆனால் பதிவுக்கு முன்பே அங்கீகாரத்தோடு செய்ய வேண்டும் என்றார் இளைஞர். அவர் நல்ல பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

வண்டியை ஓட்டப்போவது மருமகன். அவரிடம் இலகுரக வாகன உரிமம் மட்டுமே உண்டு. அது செல்லுமா என்ற அச்சம் இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்கும் சரக்கு வண்டியை அந்த உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் கூறியதையும், 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்ததையும் நாம் செய்தித்தாளில் படித்திருந்தோம். நம் வாசிப்பு உருப்படியாகப் பயன்பட்ட அரிய நாட்களில் அதுவும் ஒன்று.

பிறகு கொக்கி. தந்தை அதுவரை வாய் திறக்கவில்லை. "பின்னால ஒரு கொக்கி மாட்டித் தருவீங்களா தம்பி?" என்றார். இளைஞர் தயங்கினார். "அண்ணாச்சி, கம்பெனி கொக்கி இந்த வண்டிக்கு வராது. வெளியில வெல்டிங் வச்சா நாங்க பொறுப்பில்ல" என்றார். காரணத்தை நாமும் விளக்க முயன்றோம். இழுக்கும் பாரம் பம்பரில் தொங்கக்கூடாது. நீளச்சட்டம் இரண்டையும் பிடித்து நிற்க வேண்டும். இழுவைப் பெட்டியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுந்தும்; குறைந்தால் பின்னே வருவது பாம்புபோல் ஆடும், மிகுந்தால் வண்டியின் முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். பிரேக் அமைக்கப்பட்டதோ ஒரு வண்டியை நிறுத்த, இரண்டை நிறுத்தவன்று. சட்டமும் குறுக்கே நின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. இழுவைப் பெட்டிக்கும் தனிப் பதிவு வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கொக்கியைத்தான்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "டிராக்டர் மட்டும் இழுக்குதே சாமி?" என்றார். இழுப்பதற்காகவே பிறந்தது டிராக்டர் என்றோம். அவர் முகம் தெளியவில்லை. வண்டிக்காக அவர் வாதாடவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்காக வாதாடுகிறார் என்று நமக்கு அப்போது பட்டது. கணக்குச் சொல்லி நாம் வென்றது நமக்கே கசந்தது.

திரும்பும் வழியில் முக்காணிப் பாலத்தின்மேல் வண்டி வரும்போது, நாம் வேறொன்றைச் சொன்னோம். மேட்டிலே ஒரு காங்கிரீட் பீடம், அதில் கையால் சுழற்றும் ஒரு வின்ச், கம்பிவடம், வள்ளத்துக்கு அடியில் உருளைக்கட்டைகள். நம் முன்னோர் தோளால் செய்ததையே பற்சக்கரத்தால் செய்வது. நாலைந்து வள்ளக்காரர்கள் சேர்ந்தால் ஒருவர் பங்கு பெரிதாகாது. டிராக்டருக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அவர் வெகுநேரம் ஆற்றைப் பார்த்திருந்தார். "மேடு எந்தப் பக்கம் சாமி? அந்தத் தண்ணிக்கு ஊருல மேடே இல்லையே" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. கோயில் வளாகத்தை ஒட்டி மண் சற்று உயர்ந்திருப்பதை அவர்தாமே பிறகு நினைவுகூர்ந்தார். அங்கே பீடம் கட்டுவது பற்றிப் பங்குத்தந்தையிடம் கேட்பதாகச் சொன்னார்.

முன்பணம் கட்டி, இரசீதைத் தாய் இடுப்புப் பையில் முடிந்துகொண்டார். வண்டி வர ஆறு வாரம் ஆகும். அதற்குமேல் பாடி கட்ட மூன்று வாரம். வண்ணம் என்ன என்று இளைஞர் கேட்டதற்கு, வெயிலில் பெட்டி சூடேறாத வெள்ளை என்றார் அந்த அம்மாள், யோசிக்காமல். மந்திரிக்க நாம்தான் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆத்தூர் வெற்றிலைக் கட்டு ஒன்றை நம் கையில் திணித்துவிட்டு, மறுநாள் ஏலத்துக்கு ஐஸ் சொல்ல வேண்டுமென்று விரைந்து போனார்.