பெயர் ஒன்று, எழுத்து வேறு

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டீ இடைவேளை நேரத்தில் போய் நின்று பாருங்கள். தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம், போஜ்புரி எல்லாம் காதில் விழும். இவர்கள் எல்லோருக்குமாக ஒரு மாணவர் மொபைல் கேம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிப் பட்டியலில் "ஒடியா"வைத் தொட்டால் ஆங்கிலம் வந்து நிற்கிறது! ஏன்?

நிரலுக்குள் "ஒரியா" என்று இருக்கிறது. 2011-ல் ஒரிசா ஒடிசா ஆனபோது, அரசியல் சட்டத்தின் 96-வது திருத்தத்தால் மொழியின் பெயரும் ஒடியா ஆனது. மனிதனுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள்தான். எதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலம் என்று எழுதியிருப்பதால் பிழைச் செய்தியும் வராது. அதுதான் கொடுமை.

அடுத்தது போஜ்புரி. தமிழில் "போ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒன்றாகவே ஒரு விதம். இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். திரையில் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். சும்மா ஒப்பிட்டால் "சமம் இல்லை" என்றே பதில் வரும். இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு (என்எஃப்சி என்பார்கள்) பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

ஆங்கில எழுத்திலேயே பெயரை வைத்தால்? அங்கே துருக்கி காத்திருக்கிறது. துருக்கி மொழி அமைப்புள்ள போனில் பெரிய "ஐ"யைச் சின்ன எழுத்தாக மாற்றினால் புள்ளியில்லாத "ஐ" வரும். தமிழ், இந்தி இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் அந்த எழுத்து உண்டு. தீர்ந்தது கதை.

வழி என்ன? திருப்பூர் டையிங்காரரைக் கேளுங்கள். "நேவி ப்ளூ" என்று வாயால் சொன்னால் சாயம் போட மாட்டார். பான்டோன் எண் கேட்பார்; லேப் டிப் ஓகே ஆன பிறகே துணி உள்ளே போகும். பெயர் ஆளுக்கு ஆள் மாறும், எண் மாறாது.

மொழிக்கும் அப்படி ஐஎஸ்ஓ 639 குறியீடு இருக்கிறது. ஒரியா ஒடியா ஆனபோதும் அதன் "ஓ ஆர்" மாறவில்லை. போஜ்புரிக்கு இரண்டெழுத்துக் குறியீடு கிடையாது, "பி ஹெச் ஓ" என மூன்றெழுத்துதான். அதற்கும் இடம் விட வேண்டும். ஸ்டீம் தளமோ கொரிய மொழியை "கொரியானா" என்று தன் இஷ்டத்துக்குக் குறிக்கிறது. இப்படி வெளியிலிருந்து வருவதையெல்லாம் வாசலிலேயே ஐஎஸ்ஓ குறியீடாக மாற்றிவிட வேண்டும். பெயர் திரையில் காட்ட மட்டும்.

கேமில் இது சின்ன எரிச்சல்தான். இதே நிரல் தீயணைப்புப் பயிற்சியிலோ சம்பளச் சீட்டிலோ உட்கார்ந்தால்? தன் மொழியைத் தொட்டவருக்கு ஆங்கிலம் வரும். தப்பு தன் மேல்தான் என்று அவர் நினைத்துக்கொண்டு, படிக்காமலேயே "சரி"யை அழுத்திவிடுவார்.